நீலக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

பனி கொட்டினால் பல்பொருள் அங்காடியின்
வாகன நிறுத்தம் எனக்கு இல்லை.
உப்பும் சரளையும் தூவிவிடுவார்கள்.
நவம்பரிலிருந்து மார்ச் வரை
வியாழன் இரவு எட்டு மணி,
கறுப்புக்காட்டு அடிவாரத்தில் ஒரு விளையாட்டுக் கூடம்,
அதில் ஒரு மூலை.
கூடைப்பந்து வளையத்துக்கு நேர்கீழே.
நீலக் கோட்டைத் தாண்டக் கூடாது.
அச்சில் துருத்தும் நான்கு இரும்புக் குழாய்க்கும்
துணிநாடா சுற்றியிருக்க வேண்டும்.
மரத்தரையில் கீறல் விழுந்தால் முப்பது யூரோ.
கையெழுத்து: செயலாளர் எக்கார்ட் ரோம்பாக்.

மீதிக் கூடம் கலைச்சைக்கிள் சங்கத்துக்கு.
மாட்டுக்கொம்பாக மேலேறி வளைந்த கைப்பிடி,
இழுத்துக் கட்டிய கொண்டை,
ஐந்து நிமிடத்தில் முப்பது வித்தை,
வரிசை முன்பே தாளில்.
லியோபா இருக்கையில் ஒரு கால்
கைப்பிடியில் ஒரு கால் வைத்து
எழுந்து நிற்கிறாள்.
வட்டம் பிசகுவதில்லை.
விரல்நுனி மடங்கினாலும் புள்ளி குறையுமாம்.

எனக்குத் தாள் இல்லை.
ஒரே வித்தை, மூன்று குளிர்காலம்:
முன்சக்கரத்தின் குழாய்மேல் நின்று
சைக்கிளை என்னைச் சுற்றி வரவிட்டு
பின்னோக்கி உருள வேண்டும்.
பாதத்தால் டயரைத் தேய்க்காமல்.
அந்தத் 'தேய்க்காமல்'தான் மூன்றாவது குளிர்காலம்.

சாய்தளத்துப் பையன்கள் கேட்பார்கள்,
"எப்போ பறப்பீங்க?"
மண்மேட்டில் எகிறுகிறார்கள்,
படிக்கட்டுக் கம்பியில் சறுக்குகிறார்கள்,
கான்கிரீட் கிண்ணத்தின் விளிம்பில்
ஒரு நொடி தொங்குகிறார்கள்.
அவர்கள் விழுந்தால் தெருவே 'ஐயோ' என்கிறது.
நான் விழுவது
பேருந்தில் தூங்குகிறவன் தலை சாய்வதுபோல.
யாரும் திரும்புவதில்லை.
இந்தச் சைக்கிள் குடும்பத்தில்
நான் ஒன்றுவிட்ட உறவு.
கல்யாணத்துக்கு அழைப்பார்கள்,
படத்தில் தோள் மட்டும் விழும்.

ஜனவரியில் ஒருநாள் நீலக் கோட்டருகே வந்து
"மாற்றிக்கொள்ளலாமா?" என்றாள் லியோபா.

என் சைக்கிளில் ஏறிப்
பின்னால் போகப் பின்னால் மிதித்தாள்.
மிதி வெறுமனே சுற்றியது.
சக்கரத்துக்குச் சேதியே போகவில்லை.
நான் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினேன்.
இப்போது சக்கரம் பின்னால் ஓடியது,
மிதி அசையாமல் நின்றது.
"என்னைக் கேட்காமலே போகிறதே"
என்றாள், தரையிலிருந்து.

அவளுடையதோ மறதியில்லாத சைக்கிள்.
சக்கரம் நகர்ந்தால் மிதி நகரும்,
மிதி நின்றால் சக்கரம் நிற்கும்.
இருபது வருடம் சும்மா உருண்டே பழகிய என் கணுக்கால்
அன்றைக்குத்தான் வேலைக்குப் போனது.
அரை வட்டம்.
அதற்குள் கொம்புக் கைப்பிடி திரும்பி
என்னைப் பாய்க்குவியலுக்குள் எறிந்தது.
அவளுக்குச் சிரிப்பு அடங்க நேரமானது.
எனக்கு இடுப்பில் வலி, பின் எனக்கும் சிரிப்பு.

தரையில் ஒரு கீறல்.
இரண்டு சென்டிமீட்டர்,
நீலக் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

ரோம்பாக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்
குனிந்து பார்த்தார்.
என் குழாய்களின் நாடா பிரியவில்லை.
"எந்தச் சைக்கிள்?" என்றார்,
ரசீதுப் புத்தகத்தைத் திறந்துகொண்டே.
"கலையா, தரையா?
எந்தப் பிரிவில் எழுதுவது?"

நான் வாய் திறப்பதற்குள்
லியோபா ரப்பர் செருப்பைக் கழற்றியபடி
"இரண்டு சக்கரம் இருந்தது" என்றாள்.

ஆளுக்குப் பதினைந்து கொடுத்தோம்.
அடுத்த வியாழன் போனபோது
கோடு அங்கேயேதான் இருந்தது.
அவள் பை மட்டும்
இந்தப் பக்கச் சுவரில் சாய்ந்திருந்தது.