பின்னோக்கி நடக்கும் வேலை

மணிக்குப் பதினான்கு டாலர், பின்னோக்கி நடப்பதற்கு.
முகம் உங்கள் பக்கம், முதுகு போகிற திசையில்.
எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது,
எந்தப் படி அக்டோபரில் இலை ஒட்டி வழுக்கும்
எல்லாம் என் குதிகாலுக்குத் தெரியும்.

சட்டையில் குத்திய அட்டை சொல்கிறது:
ட்ரூடி, மூன்றாம் ஆண்டு, உயிர்வேதியியல்.
எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்கிறேன்.
அந்த எதுவேண்டுமானாலுமுக்குப்
பதினொரு பக்கம் அச்சடித்துக் கொடுத்திருக்கிறது அலுவலகம்.

இன்று ஒன்பது குடும்பங்கள்.
வெர்மான்ட் குளிரில் காதெல்லாம் சிவந்திருக்கிறது.
ஸ்க்ரான்டனிலிருந்து குழாய் வேலை கான்ட்ராக்டர் ஒருவர்
பாக்கெட் நோட்டில் எண்களாகவே எழுதுகிறார்:
எத்தனை பேருக்கு இடம், எத்தனை பேருக்கு வேலை,
முதல் வருடச் சம்பளம்.
அவர் மகன் ஆன்செல்
அண்ணாந்தபடியே வருகிறான்,
ஜன்னல்களை எண்ணுகிறானோ என்னவோ.

இது நூலகம். இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும்.
இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும்,
அவர்கள் வியந்துகொள்ள.
தேர்வு வாரம் நள்ளிரவில் காபி இலவசம்.
புதன்கிழமைதோறும் பிஸ்கட் என்றொரு நாய் வரும்,
தடவிக் கொடுக்கலாம்.
அடடா என்கிறார்கள் அம்மாக்கள்.
வரிசையில் நாற்பது பேர், தலைக்கு மூன்று நிமிடம்,
கடைசி ஆள் வரும்போது பிஸ்கட்
தரையோடு தரையாகக் கிடக்கும்,
வயிறு மட்டும் ஏறி இறங்கும் என்று
நான் சொல்வதில்லை.

அப்புறம் அலறல். எல்லாருக்கும் பிடித்த பகுதி.
தேர்வுக்கு முந்தைய இரவு, பன்னிரண்டு அடித்ததும்
அத்தனை ஜன்னலையும் திறந்து வைத்து
பத்து நிமிடம், தொண்டை கிழியக் கத்துவோம்.
நூறு வருஷத்துப் பழக்கம். ஏரிக்கு அக்கரையிலும் கேட்குமாம்.
கான்ட்ராக்டர்கூட பேனாவை மூடிவிட்டுச் சிரிக்கிறார்.

"கத்தி முடித்த பிறகு என்ன செய்வீர்கள்?"
ஆன்செல் கேட்டான்.

பதினொரு பக்கத்திலும் அது இல்லை.
"ஜன்னலைச் சாத்துவோம்" என்றேன்.
அதற்கும் சிரித்தார்கள்.
குதிகால் பெயர்ந்த கல்லில் இடறியது,
ஒரு வருஷத்தில் முதல் தடவை.

போன டிசம்பரில் எங்கள் அறை ஜன்னல் சாத்தவில்லை.
பத்து நிமிடம் முடிந்தும் லோர்னா நிறுத்தவில்லை.
கீழே யாரோ கைதட்டினார்கள்.
நான் அவள் தோளைத் தொட்டேன், தொட்டேனா, தெரியவில்லை,
என் மடியில் நாளைக்கான குறிப்புகள் இருந்தன.
காலையில் அவள் தேர்வு எழுதினாள், நல்ல மதிப்பெண்.
பிப்ரவரியில் அவள் அண்ணன் டிரக்கோடு வந்தான்.
ஆலோசகரைப் பார்க்க அவள் கேட்டிருந்த நேரம்
மார்ச் ஒன்பதில் மின்னஞ்சலாக வந்தது:
உங்கள் முறை வந்துவிட்டது.

சுற்று எப்போதும் கடையில்தான் முடியும்,
கல்லூரிப் பெயர் போட்ட ஸ்வெட்டர்கள் நடுவே.
ஆன்செல் வாசலிலேயே நின்றான். நானும் நின்றேன்.

சொன்னேன்: ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, யாரிடமும் சொல்லாமல் வா.
சாப்பாட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்.
யாராவது தட்டைத் தூக்கிக்கொண்டு உன் பக்கம் வருகிறார்களா பார்.
கழிவறைக் கதவின் உட்பக்கம் எழுதியிருப்பதைப் படி,
கேலி கீழே பதிலாக யாராவது
அன்பாக ஒரு வரி எழுதியிருந்தால் நல்ல சகுனம்.
எப்போது தூங்கினாய் என்று கேள். மூன்று மணி நேரம் என்பதைப்
பதக்கம் மாதிரி காட்டினால்
அந்த ஊரை இன்னொரு முறை யோசி.

"நீங்கள்? மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னால்?"

விடிகாலை ஆய்வகத்தில்
கண்ணாடித் தட்டில் ஏதோ ஒன்று வளர்ந்திருப்பதைப் பார்க்கும்போது
வேறெங்கும் இருக்கப் பிடிக்காது எனக்கு.
லோர்னாவுக்கு இன்னும் ஒரு கடிதம் எழுதவில்லை.
இரண்டையும் சொன்னேன்.
அவன் தலையாட்டவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை.

"மீடியமா, லார்ஜா?"
உள்ளேயிருந்து அப்பா இரண்டு ஸ்வெட்டரைத் தூக்கிக் காட்டுகிறார்.
"இப்போது வேண்டாம்ப்பா."

இரண்டு மணிக்கு அடுத்த கூட்டம்.
அதற்குள் அந்தக் கல்லைப் பற்றி
யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.