நாயின் பெயர்

பட்டகோனியாவில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
மூன்றாவது தீக்குச்சியும் கையிலேயே செத்தது.
லெங்கா மரங்கள் ஏரியின் பக்கம் குனிந்து
குனிந்தபடியே வயதாகிவிட்டவை.
அவற்றினடியில் விறகு மூட்டக் கூடாது.

வனக்காவலர் உலிசெஸ் காலையிலேயே சொன்னார்:
"கேஸ் அடுப்பு மட்டும். கல் மறைவில் மட்டும்.
கூடாரத்துக்குள் வேண்டாம்.
மழை பெய்தாலும் வேண்டாம்."
பிறகு எதிர் மலையைக் காட்டினார்.
கரிந்த மரங்கள், சாம்பலில் குத்தி நிறுத்திய
முள்கரண்டிகள் மாதிரி.
யாரோ தேநீருக்கு வைத்த தீயாம்.
தலையாட்டினேன்.
தலையாட்டக் காசா, பணமா.

மழை மேலிருந்து வரவில்லை,
பக்கவாட்டில் வந்தது.
பருப்பு பாதிதான் வெந்திருந்தது.
எதெல்மிரா அப்போதும்
கல்லின் மேல் கல்லாக அடுக்கிக்கொண்டிருந்தாள்,
விரல்கள் சிவக்க, ஒரு முழ உயரச் சுவருக்காக.
"போதும், வா" என்றேன்.

அடுப்பை உள்ளே எடுத்தவன் நான்தான்.

ஜிப்பை இழுத்ததும் உலகம் அடங்கியது.
வெளியே ஓநாய்க் கூட்டம்போல் ஊளையிட்ட காற்று
துணிக்கு அந்தப்பக்கம் யாருடையதோ ஆனது.
ஈரக் காலுறைகள் ஆவி விட்டன.
நீலச் சுடரின் நுனி மெல்ல மஞ்சளானது.
அழகாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.
அது மூச்சுக்குத் திணறுகிறது என்று
எனக்கெப்படித் தெரியும்?

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
புகையாமல், நாறாமல், கண்ணைக் கரிக்காமல்
பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும் ஒன்று
நெருப்பிடம் உண்டு.
அதற்குப் பழமொழி இல்லை.

நெற்றியில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தினார்கள்.
மலையேறிய களைப்பு என்றேன்.
கரண்டி கைநழுவி விழுந்தது.
சிரித்தேன். அது ஏன் அவ்வளவு வேடிக்கையாக இருந்தது?
எதெல்மிரா சிரிக்கவில்லை.
என்னையே பார்த்தபடி, சாதாரணமாகக் கேட்டாள்:
"நம்ம நாய்க்கு இன்னிக்கு யார் சோறு வைப்பாங்க?"
"பக்கத்து வீட்டு ஓர்டென்சியா."
"நாய் பேரென்ன?"

ஒன்பது வருஷமாய் என் காலடியில் தூங்கும் நாய்.
அதன் கிழிந்த இடக்காது தெரிந்தது.
மோட்டார் சைக்கிள்களை மட்டும் துரத்துவது தெரிந்தது.
நனைந்தால் வரும் வாடைகூடத் தெரிந்தது.
பெயர் இருந்த இடத்தில்
வழவழவென்று ஒன்றுமில்லை.

அவள் அடுப்பைத் திருகி அணைத்தாள்.
கூடாரத்தை அடியிலிருந்து நுனிவரை திறந்தாள்.
என்னைச் சட்டைக் கழுத்தைப் பிடித்து
வெளியே இழுத்துப் போட்டாள்.
திருமணமான பதினோரு வருஷத்தில்
அவள் என்னை அப்படி இழுத்ததில்லை.

காற்று வாய்க்குள் புகுந்தது, அழையாமல்.
அரை மணி முன்பு நான் திட்டிய அதே காற்று.
மண்டியிட்டு வாந்தியெடுத்தேன்.
மழை முதுகில் ஆணியாய் இறங்க,
அவள் என் பிடரியைப் பிடித்தபடி
ஒன்று, இரண்டு என்று
என் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.
நாற்பதுவரை கேட்டேன். அதன்பின்
அவள் எண்களெல்லாம் வசைகளாயின.

இருட்டும்போது மழை ஓய்ந்தது.
அவளுடைய ஒரு முழச் சுவருக்குப் பின்னால்
அடுப்பை மறுபடி பற்றவைத்தோம்.
பாத்திரத்தை நான் பிடிக்க, அவள் சுடரைப் பார்த்தாள்.
நீலம். நுனிவரை நீலம்.
எப்படியும் பருப்பு வேகவில்லை.
பல்லில் சரளையாய்க் கடிபட்டதை
ஒரே கரண்டியால் மாறி மாறித் தின்றோம்.
நாளை காவலரிடம் சொல்லி
ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றாள்.
நான் எதிர்த்துப் பேசவில்லை.

ஐந்தாவது வாயில்
ஏதோ குறைகிறதே என்று நாக்கைச் சப்புக்கொட்டினேன்.
காரம் பற்றவில்லை. பையில் தேடினேன்.
எடுத்து வைக்க மறந்திருக்கிறோம்,
அந்தக் கருப்பு, உருண்டை,

"பிமியென்டா" என்றேன்.
மிளகு.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு
அப்போதுதான் அழுதாள்.
குட்டியாய்க் கொண்டுவந்த அன்று,
கருப்பாக, உருண்டையாக இருக்கிறதென்று
பெயர் வைத்ததும் அவள்தான்.