படிக்காதவை

விர்ட்சு துறையில் இன்றிரவு படகு இல்லை.
காற்று இருபத்து நான்கு என்று
பலகையில் எழுதி மாட்டிவிட்டு
டிக்கெட் கூண்டின் சிறுகதவைச் சாத்தினேன்.
முஹு தீவுக்குப் போகவேண்டிய பதினோரு லாரிகள்
விளக்கணைத்துத் தூங்குகின்றன.
ஒன்றில் பன்றிகள்.
அவை தூங்கவில்லை.

காலை ஆறு வரை என்ன செய்ய?
அஞ்சல்பெட்டியைத் திறந்தேன்.
படிக்காதவை:
பதினான்காயிரத்து இருநூற்று ஆறு.

தாலின் செருப்புக் கடையில் தொடங்கினேன்.
ஒரே முறை, ஒரே ஜோடி,
அதுவும் கடித்தது.
ஒன்பது வருடமாக அவர்கள்
'அன்புள்ள ஹெல்வே' என்றே அழைக்கிறார்கள்.
இந்தத் துறையில் வேறு யாரும் அப்படி அழைப்பதில்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு அன்புகள்.
மொத்தமாகத் தேர்ந்தெடுத்து
நீக்கினேன்.
விரல் ஒரு கணம் தயங்கியது என்று
பொய் சொல்ல மாட்டேன்.

வானிலை எச்சரிக்கைகள்.
என்றோ கரைகடந்த புயல்கள்
இன்னும் 'அவசரம், அவசரம்' என்று
கத்திக்கொண்டிருந்தன.
ஏழு வருடத்துக்கு முந்தைய அக்டோபர்ப் புயலே,
நீ அடித்து ஓய்ந்தாய்,
என் கூரையில் நாலு தகடு போயிற்று, அவ்வளவுதான்.
நீக்கினேன்.
மின்கட்டணத்துக்கு ஓர் உறை.
சம்பளச் சீட்டுக்கு ஓர் உறை.
மாரெக்குக்கு ஓர் உறை திறந்து
எல்லாவற்றையும் அதில் போட்டு
பிறகு உறையையே அழித்தேன்.
நிச்சயமாகவா என்று கேட்டது பெட்டி.
அவன் ஒருமுறையும் கேட்காத கேள்வி.

ஒரு மணிக்கு மேல்தான் அவள் வந்தாள்.
வோரு நகரத்துப் பல் மருத்துவமனை எழுதுகிறது:
ஹெல்வே ரவுட்செப் அவர்களே,
மேல் கடைவாய்ப் பல், செவ்வாய் ஒன்பதரை.
பெயர் என்னுடையது.
பல் என்னுடையதில்லை.
வோருவுக்கு நான் போனதே கிடையாது.
முகவரியில் வரவேண்டிய ஒரு புள்ளியை
எங்கோ எவரோ விட்டிருக்கிறார்கள்.
அந்த ஓட்டை வழியே
ஆறு வருடமாக ஒரு வாழ்க்கை
என் வீட்டுக்குள் ஒழுகியிருக்கிறது.

பள்ளியிலிருந்து: ரைகோ நீச்சலுடையை மறந்துவிட்டான்.
பள்ளியிலிருந்து: ரைகோ மறுபடியும் மறந்துவிட்டான்.
மாடிக் குழாய் உடைப்பு, உங்கள் பங்கு நாற்பது யூரோ.
தையல் இயந்திரம் தயார், வந்து பெற்றுக்கொள்ளவும்.
தையல் இயந்திரம், இரண்டாம் நினைவூட்டல்.
தையல் இயந்திரம், இனி நாங்கள் பொறுப்பல்ல.

நான் கொட்டாவி விட்டபடி
தள்ளிக்கொண்டே போன அந்த வருடங்களில்
ஏதோ ஒரு கவுண்டருக்கு முன்னால்
ஒருத்தி நின்றிருப்பாள்,
எனக்கு யாருமே சொல்லவில்லையே என்று.
கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
எத்தனை பேரிடம் நான் சொல்லியிருக்கிறேன்:
தகவல் அனுப்பினோமே,
பெட்டியைப் பார்ப்பதில்லையா நீங்கள்?

அவளுக்கும் ஓர் உறை.
என்ன பெயர் வைப்பது?
என் பெயரையே வைத்தேன்.
எண்பத்தேழு கடிதங்கள் உள்ளே போயின.
பிறகு, விட்டுப்போன புள்ளியை
அது இருந்திருக்கக்கூடிய இடத்தில் வைத்து
ஒரு கடிதம் எழுதினேன்.
மன்னிப்பு என்று ஆரம்பித்து அடித்தேன்.
விளக்கம் என்று ஆரம்பித்து அதையும் அடித்தேன்.
கடைசியில் இவ்வளவுதான் போயிற்று:
உங்களுடையவை சில என்னிடம் இருக்கின்றன.
பல் இப்போது எப்படி இருக்கிறது?

அவள் பெட்டியில் எத்தனை ஆயிரமோ.
அதில் எந்தச் செருப்புக்கும்
எந்தப் புயலுக்கும் நடுவே கிடப்பேனோ.

நாலரைக்குக் காற்று பதினேழாக இறங்கியது.
முதல் லாரி விளக்கைப் போட்டது.
பன்றிகள் ஒருவழியாக அடங்கியிருந்தன.
படிக்காதவை ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
ஒன்று கூடியது.
அவளோ என்று குனிந்தேன்.

அன்புள்ள ஹெல்வே,
பனிக்காலப் பூட்ஸ்
பாதி விலையில்.