தண்ணீர் மறிக்காது

க்ளோவிஸின் படகில் இருந்த ரேடியோ
பாஸ்டனை மட்டும்தான் பிடித்தது.
மாண்ட்ரியலுக்கும் எங்களுக்கும் நடுவே
மலை, காடு, இன்னொரு மாகாணம்.
பாஸ்டனுக்கு நடுவே வெறும் கடல்.
தண்ணீர் எதையும் மறிப்பதில்லை என்பான்.
அதற்கு மேல் காரணம் கேட்டால்
கூண்டுக்கு இரை வைக்கத் திரும்பிவிடுவான்.

ஐம்பத்திரண்டு வருடம். ஒரே அணி.
ஒருமுறையும் போய்ப் பார்த்ததில்லை.
மருமகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்தபோது
பாஸ்போர்ட் படத்துக்குத் தொப்பியைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று
சாக்குச் சொன்னான். பிறகு என்னிடம் மட்டும்:
"இருட்டில் வந்து பழகியவர்கள்.
வெளிச்சத்தில் பார்த்தால்
யாரோ மாதிரி இருந்துவிட்டால்?"

அவர்கள் தோற்றால் அவனுக்கு ரொட்டி இறங்காது.
இறங்காதது அவர்களுக்குத் தெரியாது.
கைக்கிளைதான், வேறென்ன.
ஆனால் அதில் ஒரு வசதி:
வாய் நிறையத் திட்டலாம்,
மறுநாள் பெட்ரோல் பங்கில்
அந்த முகத்தில் விழிக்க வேண்டாம்.

நான் பெத்தீ ஆன்ஸ் அரங்கில்
பனி சீவும் வண்டி ஓட்டுகிறவள்.
எங்கள் அணிக்கு இந்தக் குளிரில்
பதினாறு ஆட்டம், இரண்டு வெற்றி.
அதில் ஒன்று, எதிரணியின் பேருந்து
வழியில் புதைந்து வராமல் போனதால்.
உள்ளூர் மாடு விலைபோகாதுதான்.
சந்தைக்கு யார் ஓட்டிப்போனார்கள்?
கோல் காக்கும் எல்ஃபேஜ்
போன கோடையில் என் கூரைக்குத் தார் பூசியவன்.
கூரையும் ஒழுகுகிறது, வலையும் ஒழுகுகிறது.
திட்ட முடியாது. பின்வரிசையில்
கம்பளி போர்த்திக்கொண்டு அவன் அம்மா.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை
கொதிகலன் பழுதாகி வீடு சில்லிட்டுப்போக,
க்ளோவிஸ் அரங்குக்கு வந்தான்.
கண் இங்கே. ஒரு காதில் ஒயர்.
மூன்றாவது கோல் எல்ஃபேஜின் கால்களுக்கிடையே
நழுவிப் போன நொடியில்
சாவு வீடு மாதிரி அமைதி.
க்ளோவிஸ் மட்டும் எழுந்து, இரு கையும் தூக்கி,
"அடிச்சுட்டான்! அடிச்சுட்டான்!"

முகமூடிக்குள்ளிருந்து எல்ஃபேஜ் திரும்பிப் பார்த்தான்.
அவன் அம்மாவும் பார்த்தாள். அதுதான் மோசம்.

ஒயரை மெதுவாக உருவி
விரலில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டான்.
அப்புறம் எல்ஃபேஜின் பெயரைத்
தொண்டை கட்டக் கத்தினான்,
ஒன்பதுக்கு ஒன்று என்று முடியும்வரை,
முடிந்த பிறகும் கொஞ்சம்.
நான் வண்டியை எடுத்துக் கீறல்களை அழிக்கும்போதும்
அங்கேயே உட்கார்ந்திருந்தான்.
பாஸ்டன் என்ன ஆச்சு என்றேன்.
தோளைக் குலுக்கினான்.

செவ்வாய்க்கிழமை பனி இளகியது.
ஏணியோடு வந்தான் எல்ஃபேஜ், கூலி வேண்டாமென்று.
சுத்தியல் சத்தத்துக்கு நடுவே
யாரோ மூச்சிரைக்க வர்ணிக்கும் குரல்,
அவன் கைபேசியில், பழைய ஆட்டம்.
பாஸ்டனா என்று கீழிருந்து கத்தினேன்.
"எட்மண்டன்!"
அது இருப்பது நாட்டின் அந்தக் கோடியில்.
"ஏழு வயதில் அந்தச் சட்டைதான்
தள்ளுபடியில் கிடைத்தது."

கூரை இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது.