குவிந்தோப்பு

லிங்கன்ஷயரிலிருந்து கடிதம் வந்தது.
எனக்கு லிங்கநகர்தான் தெரியும்.
மாதத்தின் முதல் செவ்வாய்
அங்கேதான் தண்ணி மீற்றர் பார்ப்பேன்.

எழுதியவர் டெனிஸ் குவென்தோர்ப்.
தன் பெயரைச் சுமக்கும் ஆட்களை
உலகம் முழுக்கத் தேடி எண்ணுகிறாராம்.
வரைபடங்கள் மடித்து வைத்திருந்தார்,
ஆளுக்கொரு சிவப்புப் புள்ளி.

ஆயிரத்தெண்ணூற்று எண்பத்தொன்றில் நாற்பத்து மூன்று,
எல்லாம் ஒரே சதுப்பு நிலத்தின் ஓரத்தில்
தட்டில் சிந்திய மாதுளை முத்து மாதிரி.
அடுத்த தாளில் பத்தொன்பது.
சில துறைமுகப் பக்கம் உருண்டிருந்தன.
அதற்கடுத்ததில் ஆறு.
போருக்குப் போன தம்பிமார் திரும்பவில்லை;
பெண்பிள்ளைகள் கலியாணத்தோடு
வேறு பெயருக்குக் குடிபோனார்கள்.
கடைசித் தாளில் அவரும் அவர் தமக்கையும்,
பிறகு, கடலெல்லாம் கடந்து,
எங்கள் தீவின் வலது தோளில்
பேனையை அழுத்திக் குத்திய ஒரு புள்ளி.

அது நான்.

பெயருக்கு விளக்கமும் எழுதியிருந்தார்.
குவென் என்றால் பெண். தோர்ப் என்றால் சிறு குடியிருப்பு.
கொள்ளைநோயில் அந்த ஊர் அழிந்தது.
தப்பி ஓடியவர்களைப் போன இடத்து ஆட்கள்
ஊர்ப் பெயரால் கூப்பிட்டார்கள்.
ஊர் இருந்தவரைக்கும்
ஒருவருக்கும் அந்தப் பெயர் தேவைப்படவில்லை.

எங்கள் பக்கத்துக் கணக்கை நான் எழுதினேன்.
ஜோப் குவென்தோர்ப், கடற்படைக் கிட்டங்கியில் பீப்பாய் கட்டியவர்,
திருக்கோணமலைக் காய்ச்சலில் போனார்.
எஸ்பிளனேட் பக்கத்துக் கல்லறையில்
அவர் பெயரில் பாதியை ஆலம்வேர் தின்றுவிட்டது.
மிச்சத்தைப் பதிவாளர்கள் தின்றார்கள்:
பூட்டனின் ஞானஸ்நான ஏட்டில் கோவந்தோப்,
அப்பாவின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் குவேந்தாப்பு,
எனக்குக் குவிந்தோப்பு.
வாக்காளர் இடாப்பில் ஒருமுறை கோவிந்தப்பு.
அந்தமுறை கோவிந்தப்புவாகவே போய் வாக்களித்தேன்.

மூன்றாம் கடிதத்தோடு ஒரு கண்ணாடிக் குழாய்.
துப்பி அனுப்பச் சொன்னார்.
உள்ளே என்ன என்று தபால் கந்தோரில் கேட்டாள் பிள்ளை.
எச்சில் என்றேன்.
பெறுமதி எவ்வளவு என்றாள்.

எட்டுக் கிழமையால் பதில்:
அவருக்கும் எனக்கும் துளி ஒட்டும் இல்லை.
ஜோப்புக்குப் பிள்ளையே இருக்கவில்லைப் போல.
அவர் உடுப்புகளைத் தோய்த்துக் கொடுத்த
பாலையூற்று எமரென்சியாவின் மகனுக்குச்
சம்பளப் புத்தகத்தில் ஏற ஒரு பெயர் வேண்டியிருக்கும்.
உரியவன் எடுக்க வராத சட்டையைப்போல்
கொடியில் கிடந்ததை உருவிப் போட்டிருப்பான்.
கை கொஞ்சம் நீளம். ஐந்து தலைமுறை
மடித்துவிட்டுக் கொண்டோம்.

டெனிஸ் மிகவும் சங்கடப்பட்டு எழுதியிருந்தார்,
புள்ளியை அழிப்பதா விடுவதா என்று.
என் மகள் ஷெரின் முன்பே அழித்துவிட்டாள்.
ஸ்காபரோவில் அவள் இப்போது நம்பிராஜா.
(தன் நாட்டிலும் ஒரு ஸ்காபரோ உண்டு,
கடற்கரை ஊர் என்றார் அவர்.
எந்தப் பெயர்தான் ஓரிடத்தில் கிடக்கிறது.)

இரண்டு மாதம் பதில் எழுதவில்லை.

நேற்று நிலாவெளி பஸ்ஸில் வந்தேன்.
மூன்றாம் கட்டை தாண்ட,
கதவில் தொங்கிய கொண்டக்டர் பொடியன்
"குவிந்தோப்பு! குவிந்தோப்பு இறக்கம்!" என்றான்.
அப்பா விற்ற வளவு.
நின்றது எட்டுத் தென்னை.
அதில் மூன்று ஜப்பான்காரன் குண்டில் முறிந்தது.
தோப்பு என்று எப்போதும் சொல்ல முடியாத இடம்.
இப்போது இருபத்து மூன்று வீடு.
சுனாமிக்குப் பிறகு வந்தவர்கள்,
மூதூரால் வந்தவர்கள்.
என் மீற்றர்ப் புத்தகத்திலும் அப்படித்தான் அச்சாகி வருகிறது:
குவிந்தோப்பு, இலக்கம் ஒன்று முதல்.

மீன்கூடையோடு சுலைஹா உம்மா இறங்கினார்.
கடைசி வீடு.
"மீற்றர்க் கண்ணாடி வெடிச்சுப் போச்சு,
ஒருக்கா வந்து பாருங்க" என்றார்.
எந்த ஊர் என்று பஸ்ஸில் யாரோ கேட்டதற்கு
அவர் சொன்ன சொல்லில்
என்னைப் பற்றி ஒன்றுமில்லை.

இரவு டெனிஸுக்கு எழுதினேன்.
புள்ளியை அழியுங்கள், குறையில்லை.
ஆனால் ஆளுக்குத்தானே புள்ளி போடுகிறீர்கள்.
ஊருக்கு
உங்கள் வரைபடத்தில் என்ன குறி?