புளியங்கொட்டை அளவு

கைதடி தாண்டினதும் முன்னால் ஒரு டிப்பர்.
தறப்பாள் பாதி மூடி, பாதி பறந்து,
பின்பலகையில் பெரிய எழுத்தில் ‘பொறாமை வேண்டாம்’.
அதை வாசித்துக்கொண்டிருந்தபோதுதான்
டக் என்றது.

புளியங்கொட்டை அளவு கல்.
கண்ணாடியில் ஒரு சின்னச் சிலந்தி.
இலக்கத்தைப் பார்க்க எட்டினேன், சேறு.
பொறாமை வேண்டாம் என்பது மட்டும்
நாவற்குழிப் பாலம் வரைக்கும் தெளிவாய்த் தெரிந்தது.

ஏழரைக்கு டியூட்டி. நான் நிற்பாட்டவில்லை.
அதுதான் பிழை என்று
பத்து மணிக்கு ஏஜென்ட் துசியந்தன் சொன்னான்:
“அந்த இடத்திலேயே நிண்டு கோல் எடுத்திருக்க வேணும் அக்கா.
போட்டோ எடுத்தனீங்களோ?”
ஐந்து வருசமாய்ப் பொங்கலுக்குக் கலண்டர் கொண்டுவருகிறவன்.
இந்தக் கேள்வியை அதில்
ஏதாவதொரு மாதத்தில் அச்சடித்திருக்கலாம்.

ஆய்வுகூடத்துக்குப் பின்னால் நல்ல வெயில்.
மத்தியானம் வந்து பார்த்தால்
சிலந்திக்கு ஒரு கால் நீண்டு
என் பக்கம் வந்து நிற்கிறது,
மெல்லிய நரம்பு மாதிரி.
நாள் முழுக்க நான் ஊசியோடு தேடி
அகப்படாத வகை.

யாரோ ஒருவரின் சீனிப் பரிசோதனைத் துண்டின் பின்புறத்தில்
கணக்குப் போட்டேன்.
இன்சூரன்ஸ் என்றால்
கண்ணாடிக்கு அவர்கள் தருவது இருபத்தையாயிரம், மிச்சம் நான்.
நாலு வருசம் கிளெய்ம் இல்லாமல் சேர்த்த கழிவும்
அடுத்த தவணையில் உடைந்துபோகும்.
கைக்காசு என்றால்
புதுசு எண்பத்திரண்டு, கொழும்பிலிருந்து வரவேணும்.
கழட்டினது நாற்பத்தாறு, கொக்குவிலில் இருக்கு.
கூட்டி, கழித்து, நம்பாமல் இன்னொருமுறை கூட்டி
வித்தியாசம் மூவாயிரத்து நானூறு ரூபாய்.
இதுக்காகவா நாலு வருசம்
ஒவ்வொரு மாட்டுக்கும் நின்று நின்று போனேன்?

படிவத்தையும் பார்த்தேன்.
‘சம்பவத்துக்குப் பொறுப்பானவர் யார்?’
மூன்று கோடு இடம்.
டிப்பர். கல். வீதியைக் கிண்டிவிட்டு மூடாமல் போன ஆரோ.
விலத்தி வந்திருந்தால் பட்டிராது என்று
வவுனியாவில் இருந்தபடி வாட்ஸப்பில் எழுதுகிற என்ர மனுசன்.
எல்லாரையும் அதுக்குள் எப்படி அடக்குவது.

சீட்டுக்காசில் எடுத்தேன்.
பழைய பிரிட்ஜ் இன்னும் ஆறு மாதம் இரையட்டும்.

றெஜினோல்ட் கம்பி போட்டு
அறுத்து அறுத்துப் பழசைத் தூக்கினான்.
அதில் ஒட்டியிருந்த இன்சூரன்ஸ் தாள்
ஒரு கீறலும் இல்லாமல் கழன்று வந்தது.
“இதைத் திருப்பி ஒட்டலாம்” என்றான், பெரிய சந்தோசம்.
பிறகு வைப்பருக்கு அடியில் கைவிட்டு
எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.
“இந்தாங்கோ. ஆள் இவர்தான்.”

கறுப்பு. ஒரு பக்கம் மினுங்கல்.
எறிய மனம் வரவில்லை, நாற்பத்தாறாயிரம்.
சில்லறை போடுகிற குழியில் போட்டேன்.

ஒரு நாளைக்குக் கதவை மெல்லச் சாத்தச் சொன்னான்.
வந்த கண்ணாடியின் மேல் மூலையில்
ஏதோ ஜப்பான் எழுத்தில் ஒரு வட்ட ஸ்டிக்கர்.
என்ன எழுதியிருக்கோ.
பொறாமை வேண்டாம் என்றே இருக்கட்டும்.

நேற்றுப் பெரியகடையில் நிறுத்தினேன்.
டிக்கெட் கிழிக்கிற பெடியனுக்குக்
குழிக்குள் கைவிட்டு அள்ளிக் கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்தான்,
ஒன்றை மட்டும் திருப்பி நீட்டினான்:
“அக்கா, இது செல்லாது.”