மூன்றாம் வாங்குக்கு மேலே

மழை தொடங்கினால் எப்பிரேம் எழும்பிப் போய்
நீல வாளியைக் கொண்டுவந்து வைப்பான்,
மூன்றாம் வாங்குக்கும் நாலாம் வாங்குக்கும் நடுவில்.
ஊழியர் ஜெபத்தை நிறுத்தமாட்டார்.
மாரி முழுக்க எங்களுக்கு
ஆமென் சொன்னது அந்த வாளிதான்.

கூரை நிதி என் கையில் இருந்தது.
பச்சை மட்டைக் கொப்பி, பிஸ்கட் டின், திறப்பு.
ஒரு லட்சத்துப் பன்னீராயிரத்தில்
நாற்பத்தேழாயிரம் நான் எடுத்தேன்.
இந்த ஒரு வரியைச் சொல்ல
பதினாலு மாதம் பிடித்தது.

பசியில் எடுத்தேன் என்றால் கேட்க நல்லாயிருக்கும்.
பசியில்லை.
செவ்வாய்க்கிழமைகளில்
மோட்டார்சைக்கிளில் வரும் லோன்காரப் பொடியன்
கேற்றடியில் நின்று என் முழுப்பெயரையும்
தகப்பன் பெயரோடு கூப்பிடுவான்.
அயலுக்குக் கேட்கும்.
வெட்கத்துக்கு எடுத்தேன்.

முதல்முறை ஐயாயிரம்;
கடன் என்று பென்சிலால் எழுதினேன்.
மூன்றாம் முறை பென்சிலையே தேடவில்லை.
அந்த ஞாயிறு சாட்சி சொல்ல அழைத்தார்கள்.
'கர்த்தர் என் தேவைகளைச் சந்தித்தார்' என்றேன்.
கைதட்டினார்கள்.
வசனம் சரிதான்.
எழுவாயை மட்டும் மாற்றியிருந்தேன்.

நான் மண்டூர்ப் பக்கம்.
பாதையில் ஏறித்தான் குருமண்வெளிக்கு வரவேணும்.
எங்களுக்குப் பாதை என்றால் மிதப்பது:
இரண்டு ஆடு, ஒரு லான்ட்மாஸ்டர்,
டியூசனுக்குப் போகும் பிள்ளைகள்,
சீலைக் கரையைத் தூக்கிப் பிடித்தபடி நான்.
அன்று தூறல். நடுவாவியில் எஞ்சின் நின்றது.
காற்று எங்களைச் சும்மா சுற்றியது.
'கொஞ்சம் பொறுங்க கா' என்று
ஓட்டி பீடியை அணைத்துவிட்டுக் கயிற்றை இழுத்தான்.
இரண்டு கரையும் தெரிந்தது.
அங்கேதான் முடிவெடுத்தேன் என்று சொல்லமாட்டேன்.
தலைசுற்றியது, அவ்வளவுதான்.

மறுகா சாட்சி நேரம் வந்தது. எழும்பினேன்.
தொகையைச் சொன்னேன், எடுத்த மாதங்களைச் சொன்னேன்.
மன்னியுங்கள் என்று சொல்ல மறந்து
இருந்துவிட்டேன்.

வாளியில் ஒரு துளி.
இன்னொன்று.

ஊழியர் வேதாகமத்தைத் திறந்தார், மூடினார்.
குளோறிந்தா அக்கா எழும்பி வெளியே போனா.
படியில் செருப்பைத் தேடும் சத்தம்
நெடுநேரம் கேட்டது.
கூரைக்கென்று காப்பு ஒன்றை அடகு வைத்தவ அவ.
அவவின் கோபத்துக்கு எதிராக
நான் ஒரு வசனமும் தேடமாட்டேன்.

பின்வாங்கிலிருந்து தச்சர் ஒக்கர்ஸ், எழும்பாமலே,
'நான் எழுதித் தந்த விலையிலயும்
பதினையாயிரம் கூடத்தான்' என்றார்.
யாரோ சிரித்தார்கள்.
சிரித்தது நான் என்று
பிறகு சொன்னார்கள்.

அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை.
கமிற்றி கூடியது. திறப்பைக் கொடுத்தேன்.
இப்போது மூன்று பேர் எண்ணுகிறார்கள், கதவைத் திறந்துவைத்து.
மாதம் இரண்டாயிரம் கட்டுகிறேன்.
பேனையால் எழுதுகிறார்கள்.
ஒக்கர்சின் புது விலையும் பேனையில்தான்.

சில ஞாயிறுகள் போகவில்லை.
அக்கரையில் நின்று
பாதை போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.
எப்பிரேம் போன் எடுத்தான்:
'ஏயெல் வகுப்பு இருக்கு அன்ரி,
வாளி மாத்த ஆளில்ல.'
மன்னிப்பைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது.
வேலை ஒன்று தந்தான்.

இந்த ஐப்பசியில் பாதிக்கூரை புதுத் தகரம்.
மூன்றாம் வாங்குக்கு மேலே இன்னும் பழைய ஓடு.
முதல் மழைக்கு நான் எழும்பினேன்.
எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.
வாளியோடு கிட்டப் போனபோது
குளோறிந்தா அக்கா பாட்டுப் புத்தகத்தை விட்டுத் தலை தூக்காமல்
வாங்கில் கொஞ்சம் அரக்கி இருந்தா.

வாளிக்கா, எனக்கா என்று
நான் கேட்கவில்லை.